பொறி படாத தழும்பு

அத்தியாயம் 9

விஷத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் ஆர்த்தி சொன்னபோது காலை எட்டே கால். விருதுநகரில் அந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓவியா படுத்திருந்தாள். பத்தொன்பது வயது, பத்தாவது நாள் காய்ச்சல். மூச்சு, குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் முந்தின நாளே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

“சாயங்காலம் வரைக்கும் தாங்குவாள்னு நினைக்கிறேன்,” என்றார் டாக்டர். “அதுக்குள்ள என்ன விஷம்னு தெரிஞ்சா முறிவு கொடுக்கலாம். தெரியலைன்னா நான் பக்கத்துல நிக்கத்தான் முடியும்.”

அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மூன்று வாரத்தில் ஒரே பட்டாசு கம்பெனியிலிருந்து மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரும் அவர் கண் முன்னாலேயே போயிருந்தார்கள். தூங்காத முகம். எனக்கு வழக்கமாக வாய் சும்மா இருக்காது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் வரவில்லை.

எங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். லட்சுமிகாந்தம் துப்பறியும் நிலையம், சிவகாசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. லட்சுமிகாந்தம் அக்கா இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். ஒரு தீக்காயத்தைப் பார்த்தால் போதும், என்ன மருந்து வெடித்தது, எத்தனை அடி தூரத்தில் ஆள் நின்றான், பொய் சொல்வது முதலாளியா தொழிலாளியா என்பது வரை சொல்லிவிடுவார். நான் ரோஜா. காலண்டர் அச்சகத்தில் ஆறு வருடம் புரூஃப் பார்த்தவள். உங்கள் வீட்டுச் சுவரில் எப்போதாவது எமகண்டம் தப்பாக இருந்திருந்தால், அது என் கைங்கரியம். அங்கிருந்து துரத்தப்பட்டு, இங்கே சேர்ந்தேன்.

கேஸ் இதுதான். நாரணாபுரத்தில் அய்யாதுரை என்பவரின் பட்டாசு கம்பெனி. முதலில் பசை காய்ச்சும் அம்மாள் ஒருவர் போனார். அடுத்து லோடு ஏற்றும் சங்கிலிமுத்து. இப்போது லேபிள் ஒட்டும் ஓவியா. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி. மண்டையைப் பிளக்கும் தலைவலி, காய்ச்சல், கண் சிவப்பு, அப்புறம் நுரையீரலும் சிறுநீரகமும். கம்பெனி நிறைய ரசாயனம் இருக்கும்போது ஊருக்கு வேறு யோசனை வருமா? எவனோ தண்ணீர் டிரம்மில் பட்டாசு மருந்தைக் கலந்துவிட்டான் என்று பேச்சு. தொழில் போட்டியில் யாரோ செய்த வேலை என்று அய்யாதுரைக்குச் சந்தேகம். சங்கிலிமுத்து இறந்த அன்று, அதாவது ஐந்து நாளைக்கு முன்னால், அக்காவைக் கூப்பிட்டார்.

ஐந்து நாளில் நாங்கள் கிழித்தது ஒன்றுமில்லை. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம், சுத்தம். டீத்தூள், சர்க்கரை, சுத்தம். எங்கள் மூளையும் அதே மாதிரி சுத்தமாகக் காலியாக இருந்தது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஓவியாவின் அம்மா சின்னத்தாய் உட்கார்ந்திருந்தார். அதே கம்பெனியில் திரி வைக்கும் வேலை. புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார்.

“கண்டுபிடிச்சிருவீகளாம்மா?”

பார்க்கிறோம் என்றார் அக்கா. அந்த வார்த்தையை அவர் இவ்வளவு சின்னக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்கூட்டரில் நாரணாபுரம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. சித்திரை வெயில், அந்நேரத்துக்கே தலையில் கை வைக்க முடியவில்லை. கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்காதீர்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளி ஒற்றை அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. அறைகளைச் சுற்றி ஒரு காய்ந்த இலைகூட இல்லாமல் சுரண்டி வைத்திருப்பார்கள்.

அய்யாதுரை எங்களை டிரம் பக்கம் கூட்டிப்போனார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை. எத்தனை பேர் இதில் குடிக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். நாற்பத்து மூன்று பேர் என்றார். மூன்று பேருக்கு மட்டும்தான் வந்தது.

“ஆதார் கார்டு பாத்து ஆளைப் பிடிக்கிற விஷம் போல,” என்றேன்.

அக்கா முறைத்தார். ஆனால் அதற்கப்புறம் டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரும் எங்கே ஒன்றாக இருந்தார்கள் என்று பெண்களிடம் விசாரிக்கத் தொடங்கினார். ஒருவர் பசை, ஒருவர் லோடு, ஒருத்தி லேபிள். மூன்று பேருக்கும் மூன்று மூலை. ஒரே சோறு தின்றதில்லை, ஒருவருக்கொருவர் சொந்தமுமில்லை. கடைசியில் ஒரு பெண் கையை நீட்டிக் காட்டினார். அறைகளையெல்லாம் தாண்டி, பின்பக்க வேலியோரம், இரண்டு வேப்பமரத்துக்குக் கீழே பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை. பசை காய்ச்சுகிற அம்மா அங்கேதான் வெற்றிலை போடுவாராம். சங்கிலிமுத்து மதியத்தில் துண்டை விரித்து ஒரு தூக்கம் போடுவாராம். ஓவியா அங்கே உட்கார்ந்துதான் போன் பார்ப்பாளாம்.

அந்தப் பொட்டலில் அப்படியொரு பச்சை எப்படி வந்தது என்று கேட்டேன். அய்யாதுரை முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. போன வருடம் கம்பெனி ஏழு மாதம் பூட்டிக் கிடந்ததாம். ஓர் அறையில் சின்னதாகப் பொறி பறந்து ஒரு பெண்ணின் கையில் பட்டது. யாரோ அதிகாரிகளுக்குப் போன் போட்டார்கள். விசாரணை, சீல், ஏழு மாதம் வேலையில்லை. தீபாவளி சீசனே போய்விட்டது. மறுபடி திறந்தபோது, பாவம் இதுகள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று அவரே சொட்டுநீர்க் குழாய் போட்டு மர நிழலில் அந்தப் புல்லை வளர்த்தாராம்.

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அக்கா அந்தப் புல்லை ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் உதட்டைப் பிதுக்கினார்.

“டிரம்ல இல்ல. டீயில இல்ல. அப்ப உடம்பு மேல பட்டிருக்கணும். தோல் வழியா போற மருந்தும் இருக்கு. அந்தப் புள்ள கடைசியா போட்டிருந்த துணி எங்க?”

எனக்கு அந்தத் துணிப்பை ஞாபகம் வந்தது. சொன்னேன். மறுபடி ஸ்கூட்டர், மறுபடி வெயில்.

சின்னத்தாயம்மா பையைத் தர யோசித்தார். வேலையிலிருந்து வந்து படுத்தவளை அப்படியே தூக்கி வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டு அந்தத் துணியைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். துவைக்க மனமில்லை, மகள் வாசனை இருக்கிறது என்றார். அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். பை கைக்கு வந்தது.

உள்ளே ஒரு சுடிதார், வேலைக்கென்று அவள் வைத்திருந்த ஒரே செட். அக்கா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் தையலைப் பிரித்துப் பார்த்தார், உதறினார், மோந்து பார்த்தார். ஒரு பொட்டு மருந்துகூட இல்லை. லேபிள் ஒட்டுகிற பெண்ணின் துணி, பசை வாடைதான் வந்தது. மடித்து வைக்கப் போனவரை நான் நிறுத்தினேன். புரூஃப் பார்த்த கண், கறை என்றால் நின்றுவிடும். பேண்டின் இடுப்பில், நாடா ஓடும் இடத்தில், உள்பக்கம் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன்.

“அக்கா, இது பேஸ்ட். பல்லு விளக்குறது. இடுப்புக்கு எதுக்கு?”

சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்லித்தர வேண்டாம். தீக்காயம் பட்டால் முதலில் கைக்கு வருவது பேஸ்ட்தான். அக்கா சின்னத்தாயம்மா பக்கம் திரும்பி, எங்கே சுட்டது என்று கேட்டார்.

வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று சட்டென்று பதில் வந்தது. நர்ஸிடமும் அப்படித்தான் சொன்னாராம். இடுப்பை யார் அடுப்பில் வைப்பார்கள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன், அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கம்பெனியில பொறி பட்டிருச்சும்மா. வெளிய சொல்லிராதீக. பொறின்னு தெரிஞ்சா மறுபடி பூட்டிருவாக. அம்புட்டுப் பேரு வயித்துலயும் மண்ணு விழுந்துரும். அதான், யாருக்குப் பட்டாலும் பேஸ்ட்டைத் தடவிக்கிட்டு வாயை மூடிக்கிடுறதுன்னு எங்களுக்குள்ள பேச்சு.”

நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் அது. யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, யாரும் மீறவுமில்லை.

அக்கா அந்தப் பேண்டை மறுபடி கையில் எடுத்தார். இடுப்புப் பகுதியை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெயில் துணிக்குப் பின்னால் பளிச்சென்று நின்றது. மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. மேல்சட்டையையும் அதே மாதிரி பிடித்தார்.

“ரோஜா, ஓட்டை எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“பொறி முதல்ல எதைச் சுடும்?”

துணியைத்தான். இடுப்பில் மேல்சட்டை ஒன்று, அதற்குக் கீழே நாடா மடிப்பு ஒன்று. இரண்டையும் பொசுக்காமல் உள்ளே இருக்கிற தோலை மட்டும் எந்தப் பொறி சுடும்? துணியில் ஊசி நுழையும் ஓட்டைகூட இல்லை.

பட்டபோது வலித்ததா என்று அக்கா கேட்டார். சின்னத்தாயம்மா கொஞ்சம் யோசித்தார். இல்லையாம். குளிக்கும்போதுதான் பார்த்தாளாம். கறுப்பாக, வட்டமாக, சுற்றிச் சிவப்பாக. இது எப்போதம்மா பட்டது என்று அவளே சிரித்தாளாம்.

இருபத்திரண்டு வருடம் தீக்காயம் பார்த்த அக்கா அந்தப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.  அவருக்கு ஏன் அப்படி ஆனது என்று எனக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

டாக்டர் ஆர்த்தியிடம் போய், அந்தப் பெண் இடுப்பில் ஒரு கறுப்புத் தழும்பு இருக்கிறது என்றார் அக்கா.

“பாத்தேனே,” என்றார் டாக்டர். “சங்கிலிமுத்துவுக்கும் அக்குள்ல அதே மாதிரி இருந்தது. அன்னைக்கு உங்ககிட்டதான் கேட்டேன். பழைய பொறி, சாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க.”

ஆமாம். சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சிவகாசிக்காரன் உடம்பில் தழும்பு இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று நான் ஒரு ஜோக்கும் அடித்தேன். டாக்டர் சென்னைக்காரர். தீக்காய விஷயத்தில் லட்சுமிகாந்தம் சொன்னால் கோர்ட்டே ஒப்புக்கொள்ளும் என்று அவரிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் தன் குறிப்பில் தழும்பு பற்றி எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு விஷத்தைத் தேடப் போய்விட்டார். ஓவியாவின் தழும்பையும் அதே கணக்கில் விட்டுவிட்டார்.

“உங்களுக்கு முதல்ல என்ன தோணுச்சு?” என்று அக்கா கேட்டார்.

உண்ணிக்காய்ச்சல் என்று தோன்றியதாம். புல்லில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து, அதன் வழியாக ஒரு கிருமி உடம்புக்குள் போகும். கடித்த இடம் வலிக்காமல் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுக்கும். ஆனால் சங்கிலிமுத்துவுக்கு அதற்கான சோதனை செய்து பார்த்ததில் இல்லையென்று வந்தது. அதோடு அது மழை முடிந்து பனிக் காலத்தில் மலையடிவாரத்தில் வருவது. சித்திரை வெயிலில், பொட்டல் காட்டில், பட்டாசு கம்பெனியில் வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சோதனை ஒரு சாட்சி, பருவம் ஒரு சாட்சி. மூன்றாவது சாட்சி அக்கா. மூன்று பேரும் சேர்ந்து குற்றவாளியை விடுதலை பண்ணியிருந்தார்கள்.

“சோதனையை விடுங்க டாக்டர். இப்பவே மருந்து கொடுக்க முடியுமா?”

டாக்டர் உள்ளே ஓடினார். ஊசி வழியாக ஏற்றச் சொல்லி அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரிந்ததுதான். காலேஜில் முகப்பருவுக்காக மூன்று மாதம் நான் விழுங்கிய மாத்திரை அது. கண்ணாடி முன்னால் நின்று, இது என்ன வேலையே செய்யவில்லை என்று திட்டிக்கொண்டே விழுங்கினேன்.

பத்து நாள் தாமதமாகிவிட்டது, ஆனாலும் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இனி அங்கே நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனியில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள். அக்கா அன்பரசனுக்குப் போன் போட்டார்.

அன்பரசன் சுகாதாரத் துறையில் பூச்சி பிடிப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவர். கொசுவை ஆண், பெண் என்று பிரித்துச் சொல்வார், கல்யாணத் தரகர்கூட அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டார். மதியம் ஒன்றரைக்குப் புல்தரையில் எங்களோடு வந்து நின்றார். தோள்பையில் அதே மாத்திரை அட்டைகள், கையில் ஒரு கறுப்பு அட்டை. குனிந்து சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அட்டையை வைத்தார். வேறு எதுவும் செய்யவில்லை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யாதுரை கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

இவ்வளவுதானா என்று கேட்கப்போனேன். அதற்குள் அட்டையில் ஒரு புள்ளி நகர்ந்தது. கிள்ளிப்போட்ட குங்குமம் மாதிரி, அதிலும் பொடியாக. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. கறுப்பு அட்டை முழுக்க ஆரஞ்சுச் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தன. நான் அறியாமல் நாலு எட்டு பின்னால் போனேன்.

“கடிக்கிறது இந்தக் குட்டிதான். ஆறு கால். வளந்தா எட்டுக் கால் வந்துரும், கடிக்காது,” என்றார் அன்பரசன். “ஆயுசுக்கு ஒரு தடவைதான் கடிக்கும். துணி இறுக்குற இடமாப் பாத்து, நாடா கட்டுன இடம், அக்குள், அங்கன நின்னு கடிக்கும்.”

குற்றவாளி அகப்பட்டாயிற்று. விலங்கு மாட்டலாம் என்று பார்த்தால் கை இல்லை, ஆறும் கால்.

அக்கா பருவத்தைப் பற்றிக் கேட்டார். அன்பரசன் வேலியோரம் எலி வளைகளைக் காட்டினார். கம்பெனி ஏழு மாதம் பூட்டிக் கிடந்தபோது மைதாப் பசையைத் தின்ன எலி வந்து குடியேறியிருக்கிறது. எலி காதில் தொற்றிக்கொண்டு பூச்சி வந்திருக்கிறது. பூச்சிக்குள் கிருமி. பொட்டலாக இருந்திருந்தால் வெயிலில் காய்ந்து செத்திருக்கும். அய்யாதுரை போட்ட சொட்டுநீரில் அதற்கு வருடம் முழுக்க மார்கழி.

“ஆனா அது மட்டுமில்ல மேடம். இந்தக் கிருமி தாய்கிட்டருந்து முட்டைக்குப் போயிரும். தலைமுறை தலைமுறையாப் போகும். போற வழியில மாறிக்கிட்டே இருக்கும். ஒரே எலி மேல ரெண்டு ரகம் சேர்ந்தா மூணாவது ரகம் பொறக்கும். வெயில் தாங்காதது செத்துரும், தாங்குனது மிஞ்சும். அப்படி மிஞ்சினதுதான் இங்கன இருக்கு. நம்ம சோதனைக் கிட்டு பழைய ரகத்தோட முகத்தைத்தான் தெரிஞ்சு வச்சிருக்கு. இது முகத்தை மாத்திக்கிட்டு வந்தா, யாருன்னே தெரியாதுன்னு சொல்லிரும்.”

“அப்ப அது நம்ம காலண்டரைப் பாக்கிறதில்ல,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம் காலண்டர் பார்த்தவள் நான். மழை இந்த மாதம், பனி இந்த மாதம் என்று கட்டம் போட்டு அச்சடித்துத் தொங்கவிட்டால் உலகம் அதன்படி நடக்கும் என்று நம்பிப் பிழைத்தவள். வெளியே எல்லாம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

அய்யாதுரை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நிழல்ல உக்காரட்டும்னுதான் வச்சேன்,” என்றார். இரண்டு தரம் அதையே சொன்னார். அவரைத் திட்டலாம் என்று நினைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. இந்தக் கேஸில் கெட்ட எண்ணத்தோடு யாருமே எதையுமே செய்யவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பெண்களையெல்லாம் வாசல் பக்கத்து வெட்டவெளியில் கூட்டினோம். அக்கா பேசினார். அது பொறியில்லை, பூச்சிக்கடி என்றார். கறுப்புத் தழும்பு இருந்தால் கையைத் தூக்குங்கள், மாத்திரை இங்கேயே இருக்கிறது, இன்றைக்கே விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்றார். தழும்பைக் காட்டினால் கம்பெனியைப் பூட்டமாட்டார்கள் என்று அய்யாதுரையும் சொன்னார்.

ஒரு கைகூட மேலே வரவில்லை.

கறுப்பா, அப்படி ஒன்றுமில்லையே என்றார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அடுத்தவளும் செருகினாள். போன தடவை பூட்டும்போதும் இப்படித்தான், காயத்தைக் காட்டு, வைத்தியம் பார்க்கிறோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அக்காவை நேராகப் பார்த்தாள்.

“நீக இன்சூரன்ஸ்காரக தானே? எங்க காயத்தைப் பாத்துப் பாத்து எழுதுனவக தானே?”

அக்கா எத்தனை சாமர்த்தியமான கேஸ் எல்லாம் பார்த்தவர். பொய் சொல்கிற வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? சட்டையைத் தூக்கிப் பார்க்கவா முடியும்?

இரண்டு மணி நேரம் கெஞ்சினோம். தனித்தனியாகப் பேசினோம். அன்பரசன் கறுப்பு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தார்கள், அருவருத்தார்கள், அந்தப் பக்கம் இனிப் போகமாட்டோம் என்றார்கள். தழும்பு மட்டும் யாருக்கும் இல்லை. சீசன் ஆர்டர் கிடக்கிறது என்று எழுந்து அறைகளுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றே முக்காலுக்கு அக்காவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். டாக்டர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அக்கா “சரிம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு, ஐந்து நாளைக்கு முன்னால் கொடுத்திருந்தால் என்று கேட்க ஆரம்பித்து, கேள்வியைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். போனைப் பையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எனக்கு அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தைகூடப் பழக்கமில்லை. அவள் தழும்பைப் பார்த்துச் சிரித்தாள் என்பது மட்டும்தான் தெரியும்.

வேலை முடிந்து பெண்கள் வெளியே வருகிற நேரத்துக்கு, ஓவியாவின் உடலை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. சின்னத்தாயம்மா வீட்டுக்குப் போகிற ரோடு கம்பெனி வாசல் வழியாகத்தான் போகிறது. வாசலில் நின்றது. பின் கதவைத் திறந்து அவரே இறங்கினார். பெண்கள் ஓவென்று நெருங்கினார்கள். அவர் கையை நீட்டி நிறுத்தினார். அழுகை இல்லாத முகம், அழுது முடிந்துபோன முகம்.

“பொறின்னு நினைச்சு நான்தான் மறைச்சேன். அடுப்புல சுட்டதுன்னு ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். உங்க அம்புட்டுப் பேருக்காகவும்தான் சொன்னேன்.”



அத்தனை பேர் முன்னால், ரோட்டிலேயே, சேலையை இடுப்பிலிருந்து விலக்கினார். பாவாடை நாடாவுக்குக் கீழே, ஒரு மிளகளவு, கறுப்பாக. சுற்றிலும் சிவப்பு.

“எனக்கும் இருக்கு. நாலு நாளாச்சு. வலிக்கல.”

 பிறகு, அக்காவை இன்சூரன்ஸ்காரி என்று கேட்ட பெண் முன்னால் வந்து சட்டைக் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. முழங்காலுக்குப் பின்னால், மார்புக்குக் கீழே, இடுப்பில். அன்பரசன் அட்டைகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். பதினொரு பேர்.

முதல் மாத்திரையை அக்கா சின்னத்தாயம்மா கையில் வைத்தார். நான் ஓடிப்போய் டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் மாத்திரையை விழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, அதைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி புரட்டினார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“இம்புட்டுத்தானாம்மா?”

 நான் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் வாங்கவில்லை.